ஓடுகிற கடையை லோன் போட்டு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

திருப்பூர், கோவை பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் பேக்கரி, மெஸ், ஜெராக்ஸ் கடை என்று எதையாவது லோன் போட்டு வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையை விற்கிறவரே "லோனுக்கும் நம்மகிட்ட ஆள் இருக்குதுங்க" என்று ஒருவரைக் கூட்டி வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எங்களுடைய 3 லட்சம் அட்வான்ஸும் 45,000 ரூபாய் ஃபைல் சார்ஜும் அந்த வழியில்தான் போயின.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அவினாசி பக்கம் ஒரு பேக்கரி விலைக்கு வந்தது. டீ, பப்ஸ், ஆர்டர் கேக் எல்லாம் நல்ல ஓட்டம். நாங்கள் போய்ப் பார்த்த நேரமெல்லாம் கடையில் கூட்டம் இருந்தது, அதில் பொய் இல்லை. விலை 28 லட்சம் சொன்னார்கள். ஓவன், மிக்சர், ஃப்ரீசர், ஷோகேஸ் எல்லாம் சேர்த்து 12 லட்சம், கட்டட அட்வான்ஸ் 4 லட்சம், மீதி 12 லட்சம் குட்வில், அதாவது கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் போட்ட விலை.

"பணத்தப் பத்தி யோசிக்காதீங்க அம்மணி. முத்ராவுல பாதி, பிஎம்இஜிபி மானியத்துல பாதி. நம்ம கன்சல்டன்ட் முடிச்சுக் குடுத்துருவாரு" என்றார் கடைக்காரர். முத்ரா என்பது சிறுதொழிலுக்கான கடன், பிஎம்இஜிபி என்பது மானியத்தோடு வரும் தொழில் கடன். இரண்டுமே மத்திய அரசுத் திட்டங்கள். அந்தக் கன்சல்டன்ட் வீட்டுக்கே வந்து ஆதார், பான், மூன்று வருட ஐடி ரிட்டர்ன் எல்லாம் வாங்கிக்கொண்டார். ஃபைல் சார்ஜ் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். கடைக்காரர் போட்ட அக்ரிமெண்டில், 60 நாளுக்குள் மீதிப் பணம் தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று இருந்தது. லோன் கிடைக்காவிட்டால் என்ன என்பது பற்றி ஒரு வரி இல்லை. "லோன் உறுதிங்க, அதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு" என்று கன்சல்டன்டே பதில் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டு திட்டங்களாலும் இந்த விலைக்கு வழியே கிடையாது. பிஎம்இஜிபி மானியக் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். இன்னொருவர் நடத்திவரும் கடையை விலைக்கு வாங்க அதில் இடமில்லை. இதை மாவட்டத் தொழில் மையத்தில் இருந்த அலுவலர் ஐந்தே நிமிடத்தில் எங்களுக்கு விளக்கினார். முத்ராவில் முதல்முறை வாங்குகிறவருக்கு உச்சவரம்பு 10 லட்சம். 2024-இல் அறிவித்த 20 லட்சம், ஏற்கெனவே முத்ராவின் தருண் என்கிற 10 லட்சம் வரையிலான பிரிவில் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும். இந்த இரண்டுக்கும் இடைத்தரகர் தேவையே இல்லை, நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இத்தனையும் தெரிந்தவர்தான் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ரொக்கத்தை எண்ணி வாங்கினார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்கி மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "மெஷினுக்குக் கேளுங்க, பார்க்கலாம். குட்வில்லுக்கு நாங்க தர முடியாது." 28 லட்சத்தில் 12 லட்சம் அந்த இடத்திலேயே கழன்றது. அப்புறம் மெஷினைப் பார்க்க ஃபீல்டு ஆபீசர் கடைக்கு வந்தார். ரோட்டரி ஓவனின் பக்கவாட்டில் ஒரு பெரிய மாதக் காலண்டர் தொங்கியது. அனல் அடிக்கிற இடத்தில் காலண்டர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அதைத் தூக்கினார். கீழே பெயிண்டில், வேறொரு வங்கிக்கு ஹைப்போதிகேஷன் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. மிக்சரிலும் அதே வங்கியின் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம். கடைக்காரர் பழைய கடனே முடிக்கவில்லை. அடமானத்தில் இருக்கிற ஓவனைத்தான் எங்களுக்கு விற்கப் பார்த்திருக்கிறார்.

வங்கி கையை விரித்ததும் கன்சல்டன்ட் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியைக் காட்டினார். எங்கள் வீட்டுப் பத்திரத்தின் பேரில் 10 லட்சம், "வெறும் 14 பர்சென்ட்". அது ஃபிளாட் வட்டி. ஐந்து வருடத்துக்கு மாதம் 28,333 ரூபாய் கட்ட வேண்டும், மொத்தம் 17 லட்சம். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 10 லட்சத்துக்கும் ஓடும் என்பதால், உண்மையில் அது வருடத்துக்கு 23 சதவீத வட்டி. சிறுதொழில் கடனுக்கு கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஏ.பி.ஆர். என்று உண்மையான வட்டி அதில் வந்துவிடும். அந்தத் தாளைக் கேட்ட பிறகு அந்தப் பக்கத்திலிருந்து போனே வரவில்லை. பத்திரம் தப்பித்தது.

60 நாள் முடிந்தது. "அக்ரிமெண்ட்ல போட்டிருக்குதுங்களே" என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்துவிட்டு, சிவில் மேட்டர் என்றார்கள். எங்களுக்கு முன்பே கோபிக்காரர் ஒருவர் இதே கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, இதே கன்சல்டன்டிடம் ஃபைல் போட்டு ஏமாந்தது அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. ஆக, இவர்களுக்குக் கடையை விற்கிற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. அட்வான்ஸ்தான் வியாபாரம்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், லோன் சாங்ஷன் ஆகாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி அக்ரிமெண்டில் இருக்கட்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் கடை வாங்க வேண்டாம். மெஷின் மேல் கடன் இருக்கிறதா என்று, அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் (CERSAI) தளத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். விற்பவரின் வங்கியிலிருந்து நோ டியூஸ் கடிதமும் கேளுங்கள். ஜிஎஸ்டி பாக்கியைக் கட்டாயம் பாருங்கள். 2017-ஆம் வருட ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆவது பிரிவுப்படி, தொழில் கைமாறும் நாள் வரைக்கும் உள்ள வரிப் பாக்கிக்கு விற்றவரோடு வாங்கியவரும் பொறுப்பு. குட்வில் என்று கேட்கிற தொகையைக் கடை கைக்கு வந்தபின் தவணையில் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வியாபாரம் நிஜமாகவே ஓடுகிறது என்றால் விற்பவர் அதற்குத் தயங்க மாட்டார்.

நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அக்ரிமெண்டில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவை வைத்து வாதாடலாம் என்கிறார் வக்கீல். இதே போல மாட்டியிருப்பவர்கள் வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த ஆள் கொடுத்த விசிட்டிங் கார்டு எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான்.