கீழ்மலையில் ஓர் இரவு: முயலா, அந்துப்பூச்சியா?

கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் எங்கள் தாண்டிக்குடிக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது காட்டெருமையைத்தான். அது நம் கையில் இல்லை. ஓர் இரவு தங்குபவர்களுக்குக் காட்ட என்னிடம் இருப்பவை இரண்டு: கருங்கழுத்து முயலும் அட்லஸ் அந்துப்பூச்சியும்.

முயல் சுலபம். இருட்டிய பிறகு காப்பித் தோட்டத்து ஓரமாக டார்ச்சோடு நடந்தால் எங்காவது இரண்டு கண் மின்னும். ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஓட்டம்தான். பிடரியில் இருக்கும் கருப்புத் திட்டைக் காட்டலாம் என்று கையை நீட்டுவதற்குள் வால் தெரியும். பகலில் வளைக்குள் ஒளியாது, வளை தோண்டும் பழக்கமே இதற்குக் கிடையாது. புல்லில் உடம்பளவு ஒரு பள்ளம், அதில் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். குட்டியும் ரோமத்தோடு, கண் திறந்தபடியே பிறக்கும். மேல்மலையில் மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் வளர்க்கும் முயல் வேறு இனம். அதன் குட்டி வெறும் தோலோடு, கண் மூடிப் பிறக்கும். என் மச்சான் இதை இன்னும் நம்பவில்லை.

அந்துப்பூச்சி கிடைப்பதுதான் முயற்கொம்பு. திண்ணை லைட்டுக்கு வந்துவிட்டால் விடிந்த பிறகும் சுவரிலேயே இருக்கும், டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம். விரித்த இறக்கை 24 செ.மீ. வரை, அதாவது ஒரு சாணுக்கும் மேல். நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒரு வரைவு. நடுவே செதில் இல்லாத முக்கோண ஜன்னல்கள், அவற்றின் வழியே சுவர்ச் சுண்ணாம்பு தெரியும். சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது கொய்யா, எலுமிச்சை இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்போடு ஓரிரு வாரம் ஓட்டிவிட்டுச் செத்துப்போகும். முயலோ தன் புழுக்கையில் மெதுவானதைத் திரும்பத் தின்று மிச்சச் சத்தையும் எடுத்துவிடும். கஞ்சன் என்றால் அப்படி ஒரு கஞ்சன்!

சரி, ஒரே இரவு என்றால் நான் முயலைத்தான் நம்புவேன். ஆனால் திண்ணையில் பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு நடை கிடையாது.

ஒருமுறை விடிய விடிய லைட்டை எரியவிட்டேன். வந்த அந்துப்பூச்சி பல்பைச் சுற்றிச் சுற்றி, காலையில் இறக்கை கிழிந்து தரையில் கிடந்தது. செலவழித்த பலத்தைத் தின்று ஈடுகட்ட அதற்கு வழியில்லை. இப்போதெல்லாம் பார்த்து முடித்ததும் அணைத்துவிடுகிறேன். பைக் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்ட முயலும் விலகத் தெரியாமல் முன்னாலேயே ஓடும். வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டை அணைத்தால் ஓரமாகப் போய்விடும்.