சோமாரியா, அசல் சோனிக்கா?

சேகாவின் 16-பிட் விளையாட்டு இயந்திரமான மெகா டிரைவுக்கு 1991இல் வந்தது அசல் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’. அதையே அனுமதியில்லாமல் நின்டெண்டோவின் 8-பிட் இயந்திரமான ஃபேமிகாமுக்குள் திணித்து, சோனிக் ஓட வேண்டிய இடத்தில் நின்டெண்டோவின் நாயகன் மரியோவை ஓடவிட்டது 1994இன் ‘சோமாரி’.

முதலில் உறுத்துவது ஓட்டம்தான். அசலில் சரிவில் இறங்கிச் சேர்த்த வேகமே அடுத்த மேட்டை ஏற்றிவிடும். சோமாரியில் மேட்டைக் கண்டாலே மரியோ திணறுவார். கைகொடுப்பது ஸ்பின் டாஷ் ஒன்றுதான்; நின்ற இடத்திலேயே சுழன்று வேகம் சேர்த்துப் பாயும் வித்தை அது. வேடிக்கை என்னவென்றால், அது சோனிக் 2இல் வந்தது. முதல் சோனிக்கில் கிடையாது.

இயந்திரங்களின் பலமும் மலையும் மடுவும். மெகா டிரைவில் 7.6 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 கேபி ரேம், நகரும் பின்னணி இரண்டு அடுக்கு. ஃபேமிகாமில் 1.79 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி, ஒரே அடுக்கு. அதனால் தூரத்து மலை மெதுவாகவும் அருகிலுள்ள தரை வேகமாகவும் நகரும் அழகு போச்சு. ஒரு கிடைக்கோட்டில் 8 ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் சின்ன உருவத் துண்டு) மேல் காட்ட முடியாது; எதிரிகள் கூடினால் உருவங்கள் மினுக்கும்.

எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப்போல் நடந்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்) சோமாரியின் படம் சிதறினால், விளையாட்டுக் கோப்பின் மேப்பர் எண்ணை, அதாவது கேசட்டுக்குள் இருந்த சுற்று எந்த வகை என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். அது 116, பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 74. ஐநெஸ் தலைப்பில் (கோப்பின் தொடக்கத்தில் இந்த விவரங்கள் இருக்கும் பகுதி), 0இலிருந்து எண்ணினால், 6ஆம் பைட்டின் மேல்பாதி 4, 7ஆம் பைட்டின் மேல்பாதி 7 என இருக்க வேண்டும்.

ரசித்து ஆட அசல்தான். 8-பிட்டைப் பிழிந்த கைவேலையைப் பார்க்க, சோமாரியின் முதல் கட்டமே போதும்.