கடற்கரை மணல் எங்கே போகிறது? கூகுள் எர்த் டைம்லாப்ஸ், ஒரு விமர்சனம்

கரை ஓரிடத்தில் அரித்துப்போய் இன்னோரிடத்தில் மேடாவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. 1984இலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஆண்டுக்கு ஒன்றாகக் கோத்து ஓட்டிக் காட்டுகிறது.

முதலில் அமெரிக்காவின் கேப் காடில் சாட்டம் ஊருக்குப் போங்கள். ஊருக்கு எதிரே கடலில் நீண்டு கிடக்கும் மணல்திட்டை 1987 ஜனவரியில் புயல் உடைத்தது. படத்தை ஓட்டினால், தெற்கே துண்டான பகுதி நகர்ந்து நிலத்தோடு ஒட்டிக்கொள்வதும், வடக்குத் துண்டின் முனை தெற்கு நோக்கி வளர்வதும், 2007இல் அதற்கும் வடக்கே இன்னொரு உடைப்பு விழுவதும் வரிசையாக வரும். அலை கரையில் சாய்வாக ஏறுகிறது, திரும்பும் தண்ணீர் சரிவில் நேராக இறங்குகிறது, ஒவ்வொரு தடவையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப்போகிறது. பாடத்தில் இரண்டே வரியில் படித்துவிட்டுப் போகிற இந்த விஷயத்துக்கு எவ்வளவு பலம் என்று இங்கேதான் புரியும்.

அப்புறம் நெதர்லாந்தின் ‘மணல் எந்திரம்’, இதை விட்டுவிடாதீர்கள். 2011இல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொக்கி வடிவில் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, கரை நெடுகப் பரப்பும் வேலையை அலைக்கும் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் விட்டார்கள். வருடம் போகப் போகக் கொக்கி மழுங்கி, இரண்டு பக்கமும் மணல் படர்கிறது. தூண்டில் வளைவு, அதாவது மணலைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர், கட்டிய எந்தக் கரையையும் இதேபோல் ஓட்டிப் பாருங்கள், மணல் வரும் பக்கம் மேடாகி மறுபக்கம் அரிப்பது பெரும்பாலும் தெரியும்.

குறை இல்லாமலில்லை. ஆண்டுக்கு ஒரே படம் என்பதால், கொந்தளிப்பான மாதங்களில் மணல் கடலுக்குள் இறங்கித் திட்டாகி, அலை அடங்கியதும் திரும்பி வருவது இதில் அகப்படாது. பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளியே தரையில் 30 மீட்டர், போதாததற்குப் படம் எடுத்தபோது கடல் ஓதம் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்றும் தெரியாது. அதனால் அரிப்பு இத்தனை மீட்டர் என்று இதை வைத்து அளக்காதீர்கள். அதற்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுங்கள், அதுவும் இலவசம்தான், புள்ளி 10 மீட்டர், சில நாட்களுக்கு ஒரு படம் கிடைக்கும். வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் டைம்லாப்ஸின் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் உடைப்பு விழும் வருடம் கண்ணில் படாமலே ஓடிவிடும்.