9 வருட ஸ்டாக் சாஃப்ட்வேர்: எல்லாம் அப்படியே இருக்கிறது, மேடம்தான் இல்லை

நண்பர் ஒருவர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "சரக்குக் கணக்குக்கு நீங்க வெச்சிருக்கற ஸ்டாக் சாஃப்ட்வேர் விலையைக் குறைச்சுட்டாங்களாமே, வாங்கிப் போடலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே. என்னென்ன வசதி உண்டு என்பதை கம்பெனிக்காரர்களே விளக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை.

மென்பொருளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இந்த 9 வருடத்தில் கரன்ட் போய்ப் போய் வந்தும் ஒரு என்ட்ரி தொலைந்ததில்லை. ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும். என் ஆத்திரமெல்லாம் அதன் சப்போர்ட் நம்பர் மேல்தான்.

ஐந்தாவது வருடம் புதுக் கம்ப்யூட்டர் மாற்றினோம். அடுத்த மாதம் கணக்கு பார்த்தால், இன்னும் பிறக்காத மாதத்தில் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது! பதறிப்போய் போன் போட்டேன். வழக்கமாகப் பேசும் மேடம்தான் எடுத்தார். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, "சார், 12-ஆம் தேதி வரைக்கும் உள்ளதுதானே மாறியிருக்கு? 13-லேர்ந்து சரியா இருக்கும் பாருங்க" என்றார். பார்த்தேன், அச்சு அசலாக அப்படியே. புதுக் கம்ப்யூட்டரில் மாதத்தை முன்னால் போடும் தேதி முறை இருந்திருக்கிறது. 5/4 என்று எக்செல்லில் இருந்து ஏற்றினால் ஏப்ரல் 5 போய் மே 4 ஆகிவிடும். 13/4 தப்பித்துவிடும், ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது. ரிமோட்டில் உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போனார். என்ன செய்தார் என்று நான் குறித்து வைக்கவில்லை. தெரிந்தவர் போனில் கிடைக்கும்போது யார் குறித்து வைப்பார்கள்?

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் மேடமே கூப்பிட்டார். "பேக்கப்பைத் தனி டிரைவ்ல ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு எதுவும் புரியவில்லை. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மெயில்: சேவையை மேம்படுத்தும் நோக்கில் சப்போர்ட் பிரிவை மாற்றியமைக்கிறோம். பழைய ஆட்கள் நாலு பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, படித்து முடித்த கையோடு வந்த பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள்.

போன வருடம் மறுபடி கம்ப்யூட்டர் மாற்றம், மறுபடி அதே தேதிக் கூத்து. எனக்கோ பழைய கதை சுத்தமாக மறந்துவிட்டது. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன், அதாவது புகார் பதிந்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணினேன். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க." போட்டேன். டிக்கெட்டை அவர்களே மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார்கள். இப்படி நாலு டிக்கெட். பத்தொன்பதாம் நாள் ராத்திரி திரையை வெறித்துக்கொண்டு இருக்கும்போது 13, 14, 15 மட்டும் ஒழுங்காக நிற்பது கண்ணில் பட்டது. மேடத்தின் குரல் அப்படியே காதில் கேட்டது.

மறுநாள் போனை எடுத்த பையனிடம் நன்றாகக் கத்திவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு ட்ரெயினிங்கே ரெண்டு நாள்தான் சார். பழையவங்க யாரையும் நாங்க பார்த்ததுகூட இல்லை" என்றான். அதற்கப்புறம் எப்படிக் கத்துவது? தேதி விஷயத்தை நிதானமாகச் சொன்னேன், எழுதிக்கொண்டான். வாங்கினவன் விற்றவனுக்குப் பாடம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு வருடா வருடம் பணமும் கட்டுகிறேன்!

எல்லாவற்றையும் கையேட்டில் எழுதிவிட்டால் ஆள் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். ஒரு புரோகிராமைப் பற்றிய உண்மையான புரிதல் அதை உருவாக்கியவர்கள் தலைக்குள் இருக்கிறது, காகிதத்தில் முழுதாக இறங்காது என்று டேனிஷ் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-லேயே எழுதிவிட்டார். சப்போர்ட்டுக்கும் அதேதான். அவர்களுடைய கையேட்டில் 'தேதி முறையைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது, நானே பார்த்தேன். ஆனால் "12 வரைக்கும்தானே?" என்று கேட்கத் தோன்றுவது அந்த வரியில் இல்லை.

அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி இருந்தது. 2007 மார்ச்சில், சம்பளம் அதிகம் என்று சொல்லி சுமார் 3,400 கடை ஊழியர்களை அனுப்பிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். 2008 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2009-இல் கடைகளை எல்லாம் மூடியாயிற்று. அந்த ஒரு முடிவால்தான் மூழ்கியது என்று நான் சொல்லவில்லை. போட்டி இருந்தது, பொருளாதாரமும் படுத்துக் கிடந்தது. இருந்தாலும் டிவி வாங்க வந்தவனுக்கு விவரம் சொல்லக்கூடிய ஆளைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

நண்பருக்கு: குறைந்திருக்கும் விலையில் மேடத்தின் சம்பளமும் இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாங்காதீர்கள்.

நான் போன வாரம் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். 9 வருடக் கணக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அந்தப் பையனும் தேறிவிட்டான். முந்தாநாள் அவனே கூப்பிட்டு, "சார், இன்னொரு கஸ்டமருக்கும் தேதி மாறுது, 13-லேர்ந்து சரியா இருக்கான்னு முதல்லயே கேட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். அவனுடைய சொந்த நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். மேடத்திடம் கேட்காமல் விட்டது அதைத்தான்.