அடுத்தது எங்கே, சித்தி?

அக்கா வீட்டில் புத்தக இலாகா மூன்று வருடமாக என் கையில் இருக்கிறது. பொறுப்பேற்றபோது பையனுக்கு 10 வயது, சின்னவளுக்கு 8. அதற்கு முன் அந்த அலமாரியில் இருந்ததெல்லாம் பிறந்தநாளுக்கு வந்து சேர்ந்தவை: விஞ்ஞானிகள் வரலாறு, பொது அறிவுக் களஞ்சியம், வழவழ தாளில் நீதிக்கதைகள். ஒன்றையாவது யாராவது பிரித்துப் பார்த்த அடையாளம் கிடையாது. பையனுக்குப் படிப்பு ராசியே இல்லை என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

எனக்கென்னவோ, இந்த வயதுக்குத் தனிப் புத்தகம் வாங்குவதுதான் தப்பு என்று தோன்றியது. புத்தகம் நன்றாகவே இருந்தாலும் முடித்த அன்றோடு சரி, மறுபடி புது ஆட்களோடு பழகி, புது ஊரைப் புரிந்துகொண்டு, முதல் நாற்பது பக்கம் மலை ஏற வேண்டும். தொடரில் அந்த ஏற்றம் ஒரே ஒரு தடவைதான். அதனால் நான் வைக்கும் பரீட்சை எளிது. முதல் பாகத்தை முடித்துவிட்டு "நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் தொடர் ஃபெயில், அது சித்தி மனசு நோகக் கூடாது என்று சொன்னது. "அடுத்தது எங்கே, சித்தி?" என்று கேட்டால் பாஸ். நீங்களே 9, 10, 12 வயது ஆளாக இருந்தால் நேராகக் கீழே போங்கள். அம்மா அப்பாவாக இருந்தால், "இதுல இருந்து என்ன கத்துக்கிட்டே" என்கிற கேள்வியை மட்டும் ஒரு ஆறு மாசம் ஒத்திப்போடுங்கள், போதும்.

முதலில் பெர்சி ஜாக்சன். ரிக் ரியோர்டன் எழுதியது, 2005இல் முதல் பாகம், 2009இல் ஐந்தாவது. பெர்சிக்கு 12 வயது. நியூயார்க்கில் அம்மாவோடும் அம்மாவின் இரண்டாவது கணவனோடும் இருக்கிறான், அந்த ஆள் வெறும் தண்டம். பையனுக்கு டிஸ்லெக்ஸியா, எழுத்தெல்லாம் கண் முன்னே மிதக்கும். கூடவே ஏடிஎச்டி, ஓரிடத்தில் உட்கார மாட்டான், பள்ளிக்கூடம் மாறி மாறித் துரத்துகிறார்கள். ஒருநாள் மியூசியத்துக்குக் கூட்டிப்போன இடத்தில் கணக்கு டீச்சர் தோல் இறக்கையும் நகமுமாக மாறி இவன் மேல் பாய்கிறார். இது முதல் அத்தியாயம்! கிரேக்கக் கடவுள்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் குடியிருக்கும் ஒலிம்பஸ் இப்போது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600வது மாடியில் இருக்கிறது (நிஜக் கட்டடத்துக்கு 102 மாடிதான்), அந்தக் கடவுள்களில் ஒருவரின் மகன் இவன். யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

எழுத்து மிதப்பதற்கும் உட்கார முடியாததற்கும் கதை ஒரு காரணம் சொல்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது. அவன் மூளை பழங்கிரேக்கம் படிப்பதற்காக அமைந்தது, அதனால் ஆங்கில எழுத்து ஆடுகிறது. போர்க்களத்தில் உயிர் பிழைக்கப் பிறந்தவன், அதனால் உடம்பு சும்மா இருக்காது. ரியோர்டன் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் மகனுக்கே இந்த இரண்டும் இருந்தன. ராத்திரி படுக்கும்போது மகனுக்குக் கிரேக்கப் புராணம் சொல்லிக்கொண்டிருந்தார், தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோனதும் பையன் புதிதாக ஒன்று கேட்க, அப்படிப் பிறந்தவன்தான் பெர்சி. எங்கள் பையனின் டைரியில் ஒரு டீச்சர் 'கவனமே இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிய வாரத்தில் இந்த இடத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நானும் அதுவரைதான் படித்திருந்தேன், மீதிக்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதல் மூன்று அத்தியாயத்தை நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைக்கு இது ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆக்குகிற மாதிரிதான். அதற்கு மேல் அவனே ஓட்டிக்கொண்டான். தன்னைப் பார்த்தவர்களைக் கல்லாக்குகிற கிரேக்க அரக்கி மெடூசா சிலைக்கடை நடத்துகிற அத்தியாயத்தில் கடையின் பெயர்ப்பலகையை பெர்சியால் படிக்க முடியவில்லை, கூட வந்தவன் படித்துச் சொல்கிறான், உள்ளே வாசலெல்லாம் சிலைகள், எல்லாச் சிலையின் முகத்திலும் பயம். சின்னவள் அன்று அக்காவைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். அப்புறம் அந்த நீல நிறச் சாப்பாடு. நீலத்தில் சாப்பாடே கிடையாது என்று அந்தத் தண்டக் கணவன் ஒருநாள் சொல்லிவிட, அன்றிலிருந்து பெர்சியின் அம்மா கேக்கு, மிட்டாய் எல்லாவற்றையும் நீலத்தில் கொண்டுவந்து தருகிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சண்டை போடுகிற அம்மா. எங்கள் வீட்டில் இதைக் கேட்டு நீல இட்லி சுட்டோம், கலர் பொடி போட்டு. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் தட்டு காலி.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாகம் மெலிசு, ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் பாகத்தை வைத்து 2010இல் வந்த சினிமாவில் பெர்சிக்கு வயதைக் கூட்டி வாலிபனாக்கிவிட்டார்கள், பையன் பாதியில் எழுந்து போய்விட்டான். படிக்கிற வரிசையும் முக்கியம். 2023, 2024இல் வந்த ஆறாவது, ஏழாவது பாகங்கள் பெர்சி கல்லூரியில் சேரக் கடவுள்களிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைகிற கதை, முதல் ஐந்தை முடித்தவர்களுக்குத்தான் அதில் ருசி. ஐந்து முடிந்ததும் இதே உலகத்தில் இன்னொரு ஐந்து பாகத் தொடர் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறி மாறிச் சொல்கிற கதை, ஒவ்வொன்றும் தலையணை கனம். 12 வயதுக்கு முன் வேண்டாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. மூன்றாம் பாகம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நடைபாதையில் வாங்கினேன். ராத்திரி பத்து மணிக்கு போன். "சித்தி, 96க்கு அப்புறம் 113 வருது." புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக, ஃபாரம் ஃபாரமாக அச்சடித்து மடித்துச் சேர்ப்பார்கள், அதனால் போனால் ஒரு ஃபாரம் முழுசாகப் போகும். இதில் ஏழாவது ஃபாரமே இல்லை. நான் அந்த இடத்தைப் படித்திருந்ததால் காணாமல் போன பக்கங்களை போனிலேயே சொல்லி முடித்தேன். எழுத்து மங்கலாக, தாள் அப்பளம் மாதிரி இருந்தால் கடையிலேயே நின்று பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அல்லது என்னைப் போல ஒரு சித்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்சி முடிந்த வெற்றிடத்துக்கு ரோஷணி சோக்ஷி எழுதிய ஆரு ஷா தொடரை நிறைய பேர் சொல்வார்கள். இதுவும் ஐந்து பாகம், 2018இலிருந்து 2022 வரை. அமெரிக்காவில் அட்லாண்டாவில் அம்மாவோடு மியூசியத்தில் வசிக்கிற 12 வயதுப் பெண், பெரிய புளுகிணி, வகுப்புத் தோழர்கள் சவால் விட்டதால் தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். பாண்டவர்கள் மறுபடி பெண்களாகப் பிறந்திருக்கிறார்கள், இவளும் ஒருத்தி. யோசனை பிரமாதம். ஆனால் வரிக்கு ஒரு ஜோக்கு என்று எழுத்தாளர் கங்கணம் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. தாத்தாவிடம் மகாபாரதம் கேட்டு வளர்ந்த எங்கள் பையன் பாதி நேரம் "இது இப்படி இல்லையே" என்று வழக்காடிக்கொண்டிருந்தான். சின்னவள் மட்டும் இரண்டாவதைக் கேட்டாள். எனவே பாதி பாஸ்.

சின்னவளின் சொந்தக் கண்டுபிடிப்பு டிராகன்கள். தோழி ஒருத்தி சொல்லி, 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' வேண்டும் என்றாள். நான் ஆபீஸ் அவசரத்தில் போனில் பெயரைத் தட்டி, முதலில் வந்ததை அழுத்திவிட்டேன். பார்சலைப் பிரித்தது தாத்தா. உள்ளே அப்துல் கலாமின் சுயசரிதை. "இப்பத்தான் உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கே" என்று என்னைப் பாராட்டினார், வாழ்நாளில் இரண்டாவது தடவை. சின்னவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிராகன் எங்கே?" என்றாள்.

நீங்கள் தேடும்போது டுய் டி. சதர்லாண்ட் என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 2012இல் தொடங்கியது, முதல் மூன்று சுற்றும் ஐந்து ஐந்தாக 15 பாகம். மனிதர்கள் இதில் ஓரமாகக் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் சில்லறைப் பிராணிகள்தான், கதை முழுக்க டிராகன்களுடையது. ஏழு இனம், ஒரு சிம்மாசனத்துக்காக மூன்று சகோதரிகள் அடித்துக்கொள்கிற போர், அதை நிறுத்தப் பிறந்ததாக ஜோசியம் சொல்லப்பட்ட ஐந்து குட்டிகள், குகைக்குள் ஒளித்து வளர்க்கப்படுகின்றன. முதல் சுற்றின் ஐந்து பாகமும் அந்த ஐந்தின் கண் வழியாக, பாகத்துக்கு ஒன்றாக. இதுதான் இந்தத் தொடரின் சாமர்த்தியம்: முதல் பாகத்தில் உங்களுக்கு எரிச்சல் மூட்டிய குட்டிதான் மூன்றாவதில் கதை சொல்ல வருகிறது, அப்போது அதற்கு உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. அந்த மூன்றாவது, குளோரி, மழைக்காட்டு இனம், சோம்பேறிக் கூட்டம் என்று எல்லோரும் கேலி செய்கிற இனம். சின்னவள் அதை நான்கு தடவை படித்துவிட்டாள். ரத்தம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; முதல் பாகத்தின் முன்கதையிலேயே ஒரு முட்டைக்குக் கொடுமை நடக்கிறது. பூச்சி செத்தால் அழுகிற பிள்ளை என்றால் ஒரு வருடம் பொறுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் படக்கதை வடிவத்திலும் வந்திருக்கிறது.

லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதிய 'எ சீரீஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்' வேறு ரகம். 1999 முதல் 2006 வரை 13 பாகம், பாகத்துக்கு 13 அத்தியாயம். முதல் பக்கத்திலேயே இதைப் படிக்காதே, கீழே வை என்கிறார் ஆசிரியர், அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளை வைக்கும்? தீ விபத்தில் பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகள், அவர்களுடைய சொத்துக்காக வேஷம் மாற்றி மாற்றித் துரத்துகிற ஒரு பிரபு. மாறுவேஷம் குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும், பெரியவர்கள் ஒருத்தருக்கும் தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "கரெக்டா இருக்குல்ல சித்தி?" என்று சின்னவள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கடினமான சொல் வந்தால் ஆசிரியரே நடுவில் நின்று அர்த்தம் சொல்வார், அதுவும் குசும்போடு. கடைசிப் பாகம் எல்லா மர்மத்தையும் அவிழ்க்காது. பையனுக்கு அதில் இன்னும் கோபம்.

தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் நான் கையில் கொடுப்பது சத்யஜித் ரேயின் ஃபெலுடா. 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் பத்திரிகையில் தொடங்கிய துப்பறியும் கதைகள், அந்தப் பத்திரிகையே ரேயின் தாத்தா ஆரம்பித்தது. தமிழில் சின்னச் சின்னப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன, பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பெரும்பங்கு முடிந்துவிடும். ஃபெலுடாவிடம் துப்பாக்கி இருந்தாலும் மூளைதான் ஆயுதம், கதை சொல்வது கூடவே சுற்றுகிற தம்பி முறை பையன் தோப்ஷே. பூர்வஜென்ம நினைவு வந்த ஒரு சிறுவனுக்காக ராஜஸ்தான் போகிற 'சோனார் கெல்லா'விலிருந்து தொடங்குங்கள். ஜடாயு அங்கேதான் ரயிலில் வந்து சேர்கிறார், சாகசக் கதை எழுதிக் குவிக்கிற எழுத்தாளர், கதையில் தகவல் பிழை மலிந்து கிடக்கும், ஃபெலுடா திருத்துவார். பெண் பாத்திரங்கள் விரல் விட்டு எண்ணக்கூட வராது. சின்னவள் இதை இரண்டாவது கதையிலேயே பிடித்துவிட்டாள், நான் பிடிக்க இருபது வருடம் ஆனது.

விம்பி கிட் டைரி பற்றி யாரும் சொல்லவே தேவையில்லை, பள்ளி வேனிலேயே கைமாறிக்கொண்டிருக்கிறது. கோட்டுச் சித்திரம் பாதி, எழுத்து பாதி, 2025இல் இருபதாவது வந்துவிட்டது, ஐந்தாறு போதும், அப்புறம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் புத்தகமே தொடாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது, அதனால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ், 21 பாகம், என் உயிர், இரவல் வாங்கி வாங்கிப் படித்தவள் நான். எங்கள் பிள்ளைகள் இரண்டும் கையிலெடுத்து, "எப்பப் பார்த்தாலும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்று வைத்துவிட்டன. வருத்தம்தான்.

எல்லாப் பாகத்தையும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போனால் ஒரு சனிக்கிழமையே போய்விடும். நூலகம் எதுவானாலும் போகும்போது பாக எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அலமாரியில் நாலாவது இருக்கும், மூணாவது இருக்காது.

அந்தக் கலாம் புத்தகத்தை நான் திருப்பி அனுப்பவில்லை, தாத்தா விடவில்லை. போன மாதம் கரண்ட் போன ஒரு சாயங்காலம், வேறு வழியில்லாமல் பையன் அதை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். ராமேஸ்வரம், படகு, விடியற்காலைப் பேப்பர் கட்டு என்று ஆரம்பித்து, கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்து எனக்கு போன்.

"சித்தி, இதுக்கு ரெண்டாவது பார்ட் இருக்கா?"

இருக்கிறது, 'டர்னிங் பாயின்ட்ஸ்', 2012இல் வந்தது. பின்னால் தாத்தா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆர்டர் போட்டுவிட்டேன், இந்தத் தடவை எழுதியவர் பெயரையும் பார்த்து.