ஒரு நோட்டு, மூன்று பேர், வாரத்துக்கு ஒரு செய்தி: கடன் அடைக்கும் ஏற்பாடு நாள்பட எப்படி உழைக்கிறது

கடன் அடைக்கும் முறைகள் எல்லாமே முதல் மாதத்தில் நன்றாகத்தான் வேலை செய்யும். நோட்டு புதுசு, உறுதியும் புதுசு, சம்பளம் வேறு அப்போதுதான் வந்திருக்கும். ஒரு முறை தேறுமா என்பது நாலாவது மாதத்தில்தான் தெரியத் தொடங்கும்; பதினெட்டு மாதம் தாண்டினால் உறுதியாகச் சொல்லலாம். இங்கே பார்ப்பது காசு செலவில்லாத ஓர் ஏற்பாடு: கடன் உள்ள மூன்று பேர், ஆளுக்கொரு நோட்டு, ஒருவருக்கொருவர் வாரத்துக்கு ஒரு செய்தி. இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும் கடன்களுக்கும் இது தாக்குப்பிடிக்கிறது. ஆனால் பலர் இதைப் பயன்படுத்துகிற விதத்தில் அல்ல.

பலர் செய்வது மனம்விட்டுப் பேசுவது. அது தப்பில்லை. ஆனால் புலம்பி முடித்ததும் ஏதோ ஒரு தவணையைக் கட்டிவிட்ட மாதிரி நெஞ்சு லேசாகிவிடுகிறது. கணக்கில் ஒரு பைசா நகர்ந்திருக்காது. சபதமும் இதே ரகம்தான். "இந்த வருஷத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றதும் நாலு பேர் கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டலே பாதி வேலை முடிந்த உணர்வைக் கொடுத்துவிடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட சோதனைகள் இதை ஒட்டியவை: 'நான் இப்படிப்பட்டவன்' என்ற அடையாளத்தோடு பிணைந்த எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டால், அதற்காகப் பாடுபடுவது குறைகிறது. அதனால் வாரச் செய்தியில் எதிர்காலம் இருக்கக் கூடாது. நடந்து முடிந்த எண்ணும் அடுத்த தேதியும் போதும்.

நாள்பட்ட பிறகும் உயிரோடு இருக்கும் செய்தி இப்படித்தான் இருக்கும்:

"கிரெடிட் கார்டு 47,200 இருந்துச்சு, வட்டி 1,416, கட்டினது 3,000, இப்ப 45,616. புதுசா தேய்ச்சது 0. அடுத்த தேதி 5. இடறல்: போன வாரம் ஆன்லைன்ல 640, தேவையில்லாதது."

எழுத இரண்டு நிமிடம் போதும். இதில் கடைசிச் சொற்றொடர்தான் விலை மதிப்புள்ளது. இடறலுக்கென்று இடம் இல்லாத செய்திகள் மூன்றாம் மாதத்திலேயே பொய் பேச ஆரம்பித்துவிடும். பெரிய பொய்யாக இருக்காது. ஒரு வாரம் செய்தி வராது, அடுத்த வாரம் "கொஞ்சம் பிஸி" என்று வரும்.

ஏன் மூன்று பேர்? இரண்டு பேரில் ஒருவர் ஓய்ந்தால் ஏற்பாடே படுத்துவிடும். ஆறேழு பேர் சேர்ந்தால் கூட்டத்தோடு கூட்டமாகச் செய்தி போடாமல் நழுவலாம். மூவரும் நெருங்கிய சொந்தமாக இல்லாமல் இருப்பது நல்லது. தொடங்கும்போதே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும்: ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதில்லை, ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை, கணக்கு எண் தெரியும்படி ஸ்டேட்மென்ட் படத்தை அனுப்புவதில்லை. முதல் விதியை மீறிய குழு பிழைப்பது அபூர்வம். கொடுத்தவருக்குக் கேட்கத் தயக்கம், வாங்கியவருக்குச் செய்தி போடவே கூச்சம்.

வருமானம் ஏறுக்குமாறாக இருக்கும் குழுவில் தொகையைச் சொல்லாமல் சதவீதத்தைச் சொல்வது நல்லது. ஒருவர் ஒரே மாதத்தில் கட்டும் தொகை இன்னொருவரின் மொத்தக் கடனாக இருந்தால், சின்னக் கடன்காரர்தான் முதலில் வாயை மூடிக்கொள்வார்.

இனி நோட்டு. முதல் பக்கத்தில் ஒரு கடனுக்கு ஒரு வரி: யாரிடம், அசல் பாக்கி, ஆண்டு வட்டி, மாதக் குறைந்தபட்சம், கட்ட வேண்டிய தேதி, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா இல்லையா. கைமாற்றாக வாங்கியதையும், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வகைச் சில்லறைத் தவணைகளையும் விட்டுவிடக் கூடாது. விட்டுப்போவது பெரும்பாலும் அவைதான். இந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு கடன் என்று எழுதலாம். மொத்தம் கூட்டுவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்டு பாக்கி இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. பாக்கி 60,000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைப்போம். முதல் மாதம் 3,000 கட்டினால் 1,800 வட்டிக்குப் போய், அசலில் கழிவது 1,200. அடுத்த மாதம் பாக்கி குறைந்ததால் குறைந்தபட்சமும் 2,940 ஆக இறங்கும். மனசும் கூடவே இறங்கும், அங்கேதான் பொறி. பில் கேட்கிறதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் 31 மாதம் கழித்தும் சுமார் 32,000 நிற்கும். அதே 3,000-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால் அந்த 31 மாதத்தில் கடன் தீர்ந்தே போகும். 4,000 ஆக்கினால் 21 மாதம். இடையில் கார்டைத் தேய்க்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. பாக்கியைச் சுமந்துகொண்டிருக்கும் கார்டில் புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலும் வட்டியில்லாத நாட்களும் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே குறைந்தபட்சத் தொகைக்கு ஆட்டோ டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் உத்தரவு) போட்டுவிட்டு மிச்சத்தைக் கையால் கட்டுவதைவிட, நிலையான தொகைக்கே உத்தரவு கொடுத்துவிடுவது உருப்படியானது. கையால் கட்டுகிறேன் என்று விட்ட மிச்சம் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டோ டெபிட் தேதி சம்பளத்துக்கு இரண்டு மூன்று நாள் கழித்து இருக்கட்டும். சம்பள நாளன்றே வைத்தால், சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் தவணை திரும்பும். பல இடங்களில் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் என இரட்டைக் கட்டணம் விழும்.

எந்தக் கடனை முதலில் அடிப்பது என்ற சண்டை ஓயாது. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்தச் செலவு குறையும், இது வெறும் கணக்கு. ஆனால் சின்னக் கடன்களை முதலில் மூடியவர்கள் முழுக் கடனையும் முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று டேவிட் கேல், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் கடன் தீர்வுத் திட்டத்தில் இருந்தவர்களின் தரவை வைத்துக் காட்டினார்கள். நடைமுறையில் நிற்பது கலவைதான்: இரண்டு மூன்று மாதத்தில் மூடக்கூடிய சில்லறைக் கடன்கள் இருந்தால் முதலில் அவற்றைத் துடைத்துவிட்டு, பிறகு வட்டி வரிசைக்கு மாறுவது. எந்த வரிசையானாலும் கூடுதல் பணத்தை நாலு கடனுக்கும் பிரித்துத் தூவாதீர்கள். தூவினால் எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

நாலாவது மாதத்துக்கு வருவோம். திட்டம் உடைவது பொதுவாக ஆடம்பரத்தால் அல்ல. காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு என்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற, எல்லோருக்கும் முன்பே தெரிந்த செலவுதான் உடைக்கிறது. அவற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்துத் தனியே ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு 28,800 என்றால் மாதம் 2,400. கடனுக்கு அந்த அளவு குறைவாகப் போகிறதே என்று தோன்றும். போகட்டும். ஒதுக்காதவர் அந்த மாதம் கார்டைத் தேய்ப்பார், ஐந்து மாதம் கட்டியது ஒரே நாளில் திரும்பி ஏறும். இதோடு, எல்லாக் கடன்களின் ஒரு மாதக் குறைந்தபட்சத் தவணைகளுக்குச் சமமான தொகையைத் தொடாத கணக்கில் வைத்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். கையிருப்பு சுத்தமாக இல்லாமல் வெறித்தனமாகக் கட்டுபவர்கள் பாதியில் நிற்பதைக் குழுக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அன்றாடச் சங்கடங்களில் மிகச் சாதாரணமானது, நண்பர்கள் வெளியே அழைப்பது. "காசு இல்லை" என்று சொல்ல வாய் வராது, அதனால் போய்விடுவார்கள். கடனைப் பற்றியே பேசாத ஒரு பதிலை முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்: "இந்த மாசம் வரலடா, அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல பார்ப்போம்." தேதி சொன்னால் அழைத்தவருக்கும் வருத்தம் இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஆன்லைனில் வாங்குவது இன்னொன்று. கார்டு எண்ணைச் செயலிகளிலிருந்து நீக்கிவிட்டால், எழுந்து போய் கார்டை எடுத்து வரும் அந்த அரை நிமிடமே பல சமயம் போதுமான தடை.

வீட்டில் மறைத்துக்கொண்டு வெளியில் மூன்று பேரிடம் சொல்வது நீடிக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். சொல்ல நேரம் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: சண்டையின் நடுவே வேண்டாம், மாதக் கடைசியிலும் வேண்டாம், முதல் பக்கம் முழுதாக எழுதி முடித்த பிறகு, அந்தத் தாளை எதிரே வைத்துச் சொல்ல வேண்டும். அரைகுறைத் தொகை சொல்லிவிட்டு அப்புறம் இன்னொரு கடன் வெளிவந்தால், அதற்குப் பின் நிஜத்தைச் சொன்னாலும் எடுபடாது.

ஊக்கம் கொடுப்பதிலும் கைப்பக்குவம் உண்டு. ஒருவர் "தவணை தவறிடுச்சு" என்று எழுதினால் "கவலைப்படாதீங்க, கண்டிப்பா ஜெயிப்பீங்க" என்பது கேட்க இதமாக இருக்கும், உதவாது. "இவ்வளவு சொல்லியுமா?" என்பது ஆளையே விரட்டிவிடும். வேலை செய்வது கேள்வி: "எவ்வளவு குறையுது? கடன் கொடுத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசியாச்சா? எந்தச் செலவைப் பத்து நாள் தள்ளலாம்?" தேதி வருவதற்கு முன்பே அழைத்துப் பேசினால் தேதியை மாற்றவோ தவணையைக் குறைக்கவோ கேட்க இடமிருக்கும்; தவறிய பிறகு பேச்சே தாமதக் கட்டணத்தில்தான் தொடங்கும். இடறலை 24 மணி நேரத்துக்குள் சொன்னவரை யாரும் காரணம் கேட்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்ட குழுக்களில் செய்தி நிற்பதில்லை. ஒருவர் தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற ரீதியில் எழுத ஆரம்பித்தால் மட்டும் கணக்கை மூடிவைத்துவிட்டு உடனே நேரில் போங்கள் அல்லது போனில் பேசுங்கள், மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போங்கள். அது நோட்டு தாங்கும் விஷயமல்ல.

ஏழாம் மாதத்துக்கு மேல் வருவது அலுப்பு. சின்னக் கடன்கள் போய்விட்டன, பர்சனல் லோன் மலை மாதிரி நிற்கிறது. 1,20,000-க்கு 14 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் தவணை 3,279 சுற்று. ஓராண்டில் 39,000-க்கு மேல் கட்டியிருப்பார்கள், அசலில் கழிந்தது 24,000-தான். இதைப் பார்த்துத்தான் கை சோர்கிறது. இதற்குக் கட்டம் போட்ட தாள் உதவுகிறது: 2,000-க்கு ஒரு கட்டமாக 60 கட்டம், அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, அசல் குறைந்த அளவுக்கு மட்டும் நிரப்புவது. தொடக்கத்தில் மாதம் ஒரு கட்டம்கூட முழுசாக நிறையாது, 1,879 தான் அசலுக்குப் போகும். கடைசி மாதங்களில் அதே தவணைக்கு ஒன்றரைக் கட்டத்துக்கு மேல் நிறையும். இடையில் கூடுதலாகக் கட்டினால், அதை அசலில் கழித்துத் தவணைக் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்வார்கள், வட்டி மிச்சமாகாது.

எல்லாக் கடனையும் ஒன்றாக்கும் புதுக் கடன் பற்றி: வட்டி உண்மையிலேயே குறைந்தால் நல்லதுதான். ஆனால் பாக்கி தீர்ந்த கார்டுகளை அப்படியே பர்ஸில் வைத்திருந்தால், சில மாதத்தில் புதுக் கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். கார்டு வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்க மனசில்லாதவர்கள் இந்த வழியில் போகாமல் இருப்பதே மேல்.

செயலியா நோட்டா என்றால், கணக்குக்கு எது வேண்டுமானாலும் சரி. தானாகவே எல்லாம் பதிவாகும் செயலியைச் சில வாரத்தில் யாரும் திறப்பதில்லை. கையால் 45,616 என்று எழுதுபவருக்கு அந்த எண் மனப்பாடம்.

முடிவில் ஒரு சின்னப் பொறி காத்திருக்கிறது. கார்டு ஸ்டேட்மென்டில் உள்ள 12,000-ஐயும் முழுசாகக் கட்டியாயிற்று, முடிந்தது என்று நினைக்கையில் அடுத்த மாதம் 237 என்று ஒரு பில் வரும். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடையே ஓடிய 20 நாள் வட்டி அது. கவனிக்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும். கடைசித் தொகையை அன்றைய தேதிக்குக் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். பாக்கியில்லைச் சான்றும் கணக்கு மூடிய கடிதமும் வாங்கி, ஆட்டோ டெபிட் உத்தரவை ரத்து செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குழுவை விட்டு அன்றே கிளம்ப வேண்டாம், இன்னும் மூன்று மாதம் செய்தி போடுங்கள்: தவணையாகப் போன 3,279 இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று.