காயத்துல இருந்து வர்ற ஸ்ட்ரைக்கரா, அகாடமி பையனா?

டீம் தடுமாறுது, கோல் வரல, யாரை இறக்கலாம்னு குழம்புறவங்க மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் கிளப்பைப் பாருங்க.

காசு: 2014ல கொலம்பியா ஸ்ட்ரைக்கர் ஃபால்காவோ, வேற கிளப்புல இருந்து ஒரு சீசனுக்கு லோன்ல (கடனா) எடுக்கவே 60 லட்சம் பவுண்டுன்னு செய்தி, சம்பளம் தனி. 2016ல ராஷ்ஃபோர்ட், 18 வயசு, சொந்த அகாடமி (கிளப்பே பசங்களுக்கு நடத்துற பயிற்சிப் பள்ளி), வாங்குற செலவே இல்ல.

உடம்பு: ஃபால்காவோவுக்கு 2014 ஜனவரில முழங்கால் லிகமென்ட் போச்சு, உலகக் கோப்பையும் போச்சு, திரும்பி வந்தப்போ பாக்ஸுக்குள்ள சரியான இடத்துலதான் நிப்பாரு ஆனா அந்த முதல் ரெண்டு எட்டு வேகம் மட்டும் வரவேயில்ல, பார்க்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. ராஷ்ஃபோர்ட் ஓடிட்டே இருந்தான்.

கோல்: ஃபால்காவோ லீக்ல 26 மேட்ச்ல 4. பையன் முதல் ரெண்டு மேட்ச்லயே 4, அதுல 2 ஆர்சனலுக்கு எதிரா.

உடனே கோல் வேணும்னா பையன்தான். ஒண்ணு ரெண்டு வருஷம் காத்திருக்க முடியும்னா காயத்துல இருந்து வர்றவரை எடுங்க, இதே ஃபால்காவோ 2017ல மொனாக்கோ கிளப் பிரெஞ்சு லீக் ஜெயிச்சப்போ அவங்களுக்காக லீக்ல 21 கோல் அடிச்சாரு.